கடற்கரை நிலவரம்
மப்டியில் வந்திருக்கும் உளவுப்பிரிவு ஏட்டு நயினார், கீழவைப்பார் மணலில் நின்றபடி மெட்ராஸிலிருந்து வந்த ரகசியத் தாளை மறுபடியும் படிக்கிறார். காலை வெயிலில் வெள்ளைத்தாள் கண்ணைக் குத்துகிறது. நாசவேலை நடக்கும் வாய்ப்பைக் குறிக்கும் கட்டத்துக்குள், கடற்கரை நிலவரம் ‘கவனம்’ என்பதிலிருந்து ‘அபாயம்’ ஆக உயர்ந்திருக்கிறது. காரணம் ஒரே வரிதான்: ‘அந்நியர் நெருங்கினால் மீனவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.’ போன மாதம் எழுத ஒன்றும் கிடைக்காமல் அவரே எழுதி அனுப்பிய வரி அது. இப்போது தட்டச்சில், ‘நம்பகமான தகவல்’ என்ற முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது. தாளை மடித்துவிட்டு நடக்கிறார். அவருடைய நீண்ட நிழல் மணலில் விரித்த வலைமேல் விழுந்ததும், அதன் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்கும் நான்கு பேரின் சிரிப்பு அறுந்துபோகிறது. இடுப்பில் சாரம் கட்டிய இளைஞனின் விரலிடுக்கில் வலை ஊசி அப்படியே நிற்கிறது. “ஏம்ல, என்னயக் கண்டதும் வாய மூடுதிய?” “மீன் பட்ட எடத்த வெளியாளு முன்னால பேசமாட்டோம் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல.” நயினார் அவன் கண்ணையே பார்க்கிறார். மெட்ராஸிலேயே எழுதியிருக்கிறார்களே, ஒன்றுமில்லாமலா எழுதுவார்கள்? பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தணிந்த குரலில் கேட்கிறார்: “ஒம் பேரு என்னல?”