தங்கைக்காக ஒரு கையெழுத்து

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் நர்ஸ் ரெஜினா ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டு ஒப்புதல் படிவத்தை மறுபடியும் படித்தாள். பவளக்கொடி, வயது இருபத்தெட்டு, மனவளர்ச்சி குன்றியவர், கர்ப்பப்பை அகற்றம். நோய் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. நோயாளி கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவளுடைய அண்ணன் தணிகாசலம் போட்டிருந்தான்.

"இவங்களுக்கு என்ன வியாதி?" என்று கூடவே வந்த அவனிடம் கேட்டாள்.

"வியாதியெல்லாம் இல்ல சிஸ்டர். மாசாமாசம் யாரு தொவைக்கிறது? நாளைக்கு எவனாவது எதையாவது பண்ணிட்டாலும் வெளிய தெரியாது பாருங்க."

"பண்ணா பரவால்ல, தெரியாம இருந்தா போதும். அப்படித்தானே?"

ரெஜினா படிவத்தின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"கோர்ட்டு உத்தரவு ஏதாவது வாங்கினீங்களா?"

"என் தங்கச்சிக்கு நான் கையெழுத்துப் போட கோர்ட்டு எதுக்கு? டாக்டரே சரின்னுட்டாரு."

 ரெஜினா அவனை விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பவளக்கொடியிடம் குனிந்தாள். "உனக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியுமாம்மா?"

"வயித்து வலிக்கு ஊசி. அண்ணன் சொல்லிச்சு."

ரெஜினா அவள் அடிவயிற்றில் கைவைத்து, சின்னச் சின்னச் சொற்களில் உள்ளதைச் சொன்னாள். உள்ளே குழந்தை தங்குகிற பை இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது என்றாள்.  பவளக்கொடி ரெஜினாவின் கையை மெல்ல விலக்கி, தன் இரண்டு கைகளையும் அங்கே வைத்து மூடிக்கொண்டாள்.

"என்னுது" என்றாள்.

தியேட்டர் கதவு திறந்தது. "இன்னும் என்ன சிஸ்டர்?" என்று டாக்டர் அதட்டினார்.

ரெஜினா ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை மிதித்துப் பூட்டினாள்.