அருமைநாதனின் காது

ஒரு மேசைக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, கண்ணாடிக் குழல்கள் சிவக்கச் சிவக்க எரியும் வால்வு. மற்றது, கையகல டிரான்சிஸ்டர். அருமைநாதன் இரண்டிலும் பாட்டுக் கேட்டுவிட்டு, பிடிக்காததைக் கடைக்கே திருப்பிவிடுவதாக இருந்தார். தன்னைத் திருப்பிவிடக் கூடாதே என்று டிரான்சிஸ்டர் வேண்டிக்கொண்டது.

ஹெட்போனை முதலில் அதில்தான் செருகினார். "உப்பில்லாத ரசம்," என்றார்.

அடுத்து வால்வைப் போட்டார். குழல்கள் சிவந்த அழகில் சொக்கிப்போய், ஹெட்போன் வயரை மாற்றிச் செருகவே மறந்துவிட்டார். பாடியது பழையபடி டிரான்சிஸ்டர்தான். "அடடா, நெய் விட்ட பருப்பு!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, அது என் குரல்னு சொல்லுங்களேன்!" என்று ஹெட்போனிடம் கெஞ்சியது டிரான்சிஸ்டர்.

"எனக்குக் காதுல பாடத்தான் தெரியும்டா தம்பி, பஞ்சாயத்துப் பேசத் தெரியாது."

வால்வுக்கே கூச்சமாகிவிட்டது. அதில் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

வயரை எதிலிருந்து உருவுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் உருவி, டிரான்சிஸ்டரை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினார். பிறகு ஹெட்போனை வால்வில் செருகினார். அதன் குரல் வேறு. கொஞ்சம் மெத்தென்று, கொஞ்சம் இரைச்சலோடு. இப்போதாவது தெரிந்துவிடும் என்று பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"இதேதான்!" என்றார் அருமைநாதன். "இந்தக் குரலை ஆயிரத்துல விட்டாலும் கண்டுபிடிச்சிருவேன்."