ததேயு நினைக்கிறான்

விக்கல் வந்தது. பாழாய்ப்போன விக்கல், டாக்டருக்கு முன்னாலேயே வந்தது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினால் நிற்குமா?

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் டாக்டர்.

எப்படிச் சொல்வாள்?

மகன் ததேயு கடலுக்குப் போனான். புயல் வந்தது. படகும் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. பிறகு அவளுக்கு இருதயம் நின்று நின்று அடித்தது. தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

வைத்த வாரமே விக்கல்.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். நினைக்கிறவர் பேரைச் சொன்னால் நின்றுவிடும். மருமகள் விஜிலா தண்ணீரும் கையுமாக உட்கார்ந்து சொந்தக்காரர் பேரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில், பயந்து பயந்து, ததேயு என்றாள்.

நின்றது.

நினைக்கிறான் என்றால் எங்கேயோ இருக்கிறான். வேறென்ன வேண்டும்? அன்றைக்குத்தான் இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

டாக்டர் அவள் தோள்மேல் வட்டமாக ஒரு கருவியை வைத்தார். கம்ப்யூட்டரை விரலால் தொட்டார்.

"கரண்டைக் கூட்டுறேன். இப்ப வரும் பாருங்க."

வந்தது.

"குறைக்கிறேன்."

நின்றது.

மறுபடி கூட்டினார். ததேயு நினைத்தான்.

குறைத்தார். ததேயு மறந்தான்.

உள்ளே வைத்த கம்பி நகர்ந்துவிட்டதாம். இருதயத்தைத் தட்டவேண்டிய கரண்டு, அடியில் இருக்கிற மூச்சுத் தசையையும் சேர்த்துத் தட்டுகிறதாம். அவ்வளவுதானாம். அந்த மனுசனைக் கன்னத்தில் அறையலாம்போல் இருந்தது அவளுக்கு.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் டாக்டரே."

"கம்பி இன்னும் நகர்ந்தா இருதயமே நின்னுரும்மா."

"நிக்கட்டும்."

அவர் குறைத்த இடத்திலேயே விட்டுவிட்டார்.

பிறகு வெளியே காத்திருந்த விஜிலாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கம்பியைச் சரிசெய்ய என்றைக்கு வரவேண்டும் என்று சொல்லத்தான் இருக்கும். வேறெதையும் உளறியிருக்கக் கூடாதே, மாதாவே.

பஸ்ஸில் விஜிலா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். கழுத்தில் தாலி இன்னும் கிடந்தது.

மாமியார் மூச்சை இழுத்துப் பிடித்தாள். தொண்டையை இறுக்கி, ஒரு விக்கலை வரவழைத்தாள்.

விஜிலா திரும்பவில்லை.

இன்னொன்று. இன்னும் பலமாக.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

விஜிலா தண்ணீர் எடுக்கவில்லை. பேர் எதுவும் சொல்லவில்லை. மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும் மாமி."