ஆறடி மருதாணி

“யோவ், நிறுத்துய்யா! வளக்கச் சொன்னா வெட்டிக்கினு நிக்கிற?”

குமரகுரு செய்தித்தாளை வீசிவிட்டு வாசலிலிருந்து ஓடிவந்தார். மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றி இடுப்பளவு வந்திருந்த மருதாணிச் செடிகள் வரிசையாகத் தலை போய் நின்றன.

ராமராஜன் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. செவிலிமேடு பஸ் ஸ்டாப் பக்கத்தில் நர்சரி வைத்திருப்பவர் அவர்.

“தலையக் கிள்ளாம வுட்டா ஒத்தக் குச்சியா மேல ஓடிடும் சார். கீழ பூரா சந்து வுழும். இப்ப வெட்டுனாத்தான் பக்கத்துல கிளை வுட்டு அடர்த்தியா வரும்.”

“சந்தே இருக்கக் கூடாது! அந்தப் பக்கம் அதுங்க பால் காய்ச்சறதுக்குள்ள ஆறடி நிக்கணும். அதுங்க மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது, சொல்லிட்டேன்!”

‘அதுங்க’ என்றது ஆடு மாடுகளை இல்லை. பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த குடும்பத்தை.

மனையை வாங்கியவர் ஒரு டீச்சர். காலனியில் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், லோன் போட்டு வாங்கியிருக்கிறார் என்று தரகர் சொன்ன நாளிலிருந்து குமரகுருவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டட வேலையெல்லாம் மேஸ்திரிதான் பார்த்தார். அந்த டீச்சரைக் குமரகுரு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே அவ்வளவு ஆத்திரம்! மதில் சுவரை உயர்த்தலாம் என்றால், காற்று வராது என்று மனைவி நீலாம்பாள் சண்டைக்கு வந்தார். அதனால்தான் மருதாணி வேலி.

ராமராஜன்மீது மட்டும் குமரகுருவுக்கு நல்ல அபிப்பிராயம். நெற்றியில் பட்டையாக விபூதி, பேச்சில் மரியாதை. ‘நம்ம ஆளுதான்’ என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார், கேட்கவில்லை. வரும்போதெல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வீட்டு டம்ளரிலேயே காபி கொடுக்கச் சொல்வார். காபியோடு பேச்சும் வரும்.

“அதுங்களுக்கு என்னா தைரியம் பாத்தியா? நேத்து வரைக்கும் எங்கப்பா முன்னாடி கைகட்டி நின்ன கூட்டம். இன்னிக்கு என் பக்கத்துல மாடி வூடு கேக்குது!”

ராமராஜனின் கை டம்ளரோடு அப்படியே நிற்கும். பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து செடியிடம் போய்விடுவார். வேலையில் அத்தனை குறி என்று குமரகுரு மெச்சிக்கொள்வார்.

வேலையும் அப்படித்தான் இருந்தது. கன்று நட்ட அன்றைக்குப் பக்கத்து மனையில் கடைக்கால் மட்டும்தான் தோண்டியிருந்தார்கள். ராமராஜன் வரிசை நெடுக நடந்து போய், ஓரிடத்தில் நின்றார்.

“இதுக்கு நேரா சமையக்கட்டு ஜன்னல் வரும் சார். இங்க மட்டும் நாலு கன்னு நெருக்கி வெக்கிறேன்.”

“அப்படிப் போடு!” என்று குமரகுரு தொடையைத் தட்டினார்.

சித்திரை வெயிலில் ஒரு ஓரம் பழுத்து இலை கொட்டியபோது, “என்னய்யா பாத்துக்கற லட்சணம்!” என்று தெருவே கேட்கக் கத்தினார். ராமராஜன் மறுபேச்சுப் பேசாமல் வேருக்குப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினார், வைக்கோலைப் பரப்பி மூடினார், மறுநாளும் வந்தார். மாதம் தவறாமல் வெட்டினார். அடியில் அகலமாக, மேலே கொஞ்சம் ஒடுக்கமாக. அப்போதுதான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்குமாம்.

“காசுக்கு வேலை செய்யறவரு இப்படியா பாப்பாரு?” என்று நீலாம்பாளே ஒருநாள் கேட்டார்.

“நம்ம மனசு அவனுக்குப் புரிஞ்சிருக்குது. அதான்!” என்றார் குமரகுரு.

ஆவணி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் அலறியது. பால் காய்ச்சுகிறார்கள். குமரகுரு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலி நெடுக நடந்தார். குனிந்து பார்த்தார், எக்கிப் பார்த்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்டது, ஒரு தலைகூடத் தெரியவில்லை.

ஒரு வருஷக் கோபம் அப்போதுதான் அவருக்குத் தணிந்தது. உடனே ராமராஜனைப் பாராட்டிவிட வேண்டும் என்று செல்போனை எடுத்து அழுத்தினார்.

மணி வேலிக்கு அந்தப் பக்கம் அடித்தது.

“யோவ் ராமராஜா! அந்த வூட்ல என்னய்யா வேல ஒனக்கு?”

“பால் காய்ச்சினோம் சார்.” குரல் போனிலும் வந்தது, இலைகளுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. “டீச்சர் என் சம்சாரம்.”

நாற்காலி, காபி, பேசிய பேச்சு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குமரகுருவின் ஞாபகத்துக்கு வந்தன. ஆளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மருதாணிக்குள் கையை விட்டு விலக்கினார். விரலைக் கீறியதுதான் மிச்சம்.

“அடப்பாவி! மொதல்லயே ஏன்யா சொல்லல? நான் ஒங்களை மறைக்க வேலி போடறேன், நீயே வந்து இந்தப் பாடுபட்டு வளத்திருக்கிற! ரோஷமில்ல ஒனக்கு?”

“மொத நாள் நீங்க பேசுனப்பவே அது வந்துடுச்சு சார். அதான் ஒரு சந்துகூட வுடாம வளத்தேன்.” அடக்கி அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அப்போதுதான் ராமராஜனின் குரலில் வெளியே வந்தது.

“இந்தப் பக்கமும் ஒங்க மூஞ்சி தெரியல!”