உறையின் பின்பக்கம்

நாற்பது டாலர். லோர்னாவின் செத்துப்போன கணவன் டெல்பர்ட்டின் கையெழுத்துக்கு அந்தச் சந்தையில் அதுதான் விலை.

பழைய காகிதங்களையும் காய்ந்த இலைகளையும் ஒட்டி கிளப் தோழி பெவர்லி செய்து விற்க வைத்திருந்த நோட்டைப் புரட்டிய லோர்னாவுக்கு ரத்தம் கொதித்தது. சிவப்பு இலைகளுக்கு நடுவே, ‘ஆற்றங்கரை, அக்டோபர்’ என்று எழுதி அந்த இலைகளை டெல்பர்ட் போட்டு வைத்திருந்த காகித உறை!

“திருடி! போன வாரம் கைவேலை கிளப்புல என் பெட்டியில இருந்து தூக்கிட்டியா?”

“அளந்து பேசு. பழைய பேப்பர் கூடையில கிடந்துச்சு. கிடைச்சதை ஒட்டுறதுதானே நம்ம வேலை?” பெவர்லி மணிக்கட்டைச் சொறிந்தாள். “ரெண்டு நாளா இந்தப் பசை வேற ஒத்துக்கல. சரி, உன்னோடதுன்னு என்ன அத்தாட்சி?”

“பின்பக்கமும் எழுதியிருக்கார். பிரிச்சுப் படி.”

“ஒட்டினதைப் போயி...”

“பிரிடி!”

பெவர்லி நகத்தால் கிள்ளி உறையைப் பிரித்தாள். படித்ததும் முகம் வெளுத்தது.

‘விஷக்கொடி இலைகள். காய்ந்தாலும் அரிக்கும். வெறுங்கையால் தொடாதே, லோர்னா.’

வந்ததிலிருந்து கழற்றாத கையுறையோடு லோர்னா உறையை வாங்கிக்கொண்டாள்.

“நோட்டை யார் தலையிலயும் கட்டிடாதே. அவருக்கு ஒரு தடவை மூணு வாரம் அரிச்சுது. உனக்கு ரெண்டு நாள் கழிஞ்சுது. பத்தொன்பது நாள் பாக்கி.”