கறுப்புப் புகை வெளுக்கும்வரை

ஃபிஜித் தலைநகர் சுவாவில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. நாளைய புகைச் சோதனையில் தேறாவிட்டால் அப்பாவின் டாக்ஸி உரிமம் போய்விடும். பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வேலையில்லாத நான் ஆக்சிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சர்ச்சுக்குப் போகும் சுலு வேட்டியை இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால், அப்பா எஞ்சின் இழுக்கும் காற்றில் தண்ணீரைப் பனிபோல் அடிக்கிறார். உள்ளே படிந்த கரி ஆவியில் பெயர்ந்து பின்குழாய் வழியே கறுப்பாக வருகிறது. "காலை எடுத்துடாத, லிட்டியா, வண்டி செத்துடும்." "டிகிரி வாங்கின காலுப்பா, வேற வேலை இல்ல, எடுக்காது." அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். என் கெண்டைக்கால் மரத்துவிட்டது. புகை சாம்பலாகி, வெளுத்து, இல்லாமலே போகிறது. "தேறிடும்டி! இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்." அறுபத்தொன்பது வயதுக்காரர் அதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்.