திங்கட்கிழமை மீன்கள்

“நாலு கப்பி மீன் குடு பாய்.”

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் ஷாகிர் நிமிர்ந்து பார்த்தார். பிரின்சி. போன திங்கட்கிழமையும் நாலு வாங்கினாள். அதற்கு முந்தின திங்களும் நாலு.

“வாங்கினு போனதெல்லாம் இன்னா ஆச்சு?”

“செத்துப்போச்சு.”

குரலில் ஒரு பொட்டு வருத்தம் இல்லை.

“தொட்டியில செடி வெச்சியே?”

“அது காடு மாதிரி வளந்துக்குது.”

செடி செழிக்கிறது, மீன் மட்டும் சாகிறது. ஷாகிருக்கு என்னவோ போலிருந்தது.

“அடுத்த வாரம் அந்தத் தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துனு வா.”

கொண்டுவந்தாள். கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, சோதனைச் சொட்டு விட்டார். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது.

“அம்மோனியாம்மா! இதுல எந்த மீனும் நிக்காது. இந்தா, இந்த மருந்துல பத்து சொட்டு உடு.”

“உட்டா மீனு சாவாதா?”

“சாவாது.”

மருந்து பாட்டிலை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

“அப்ப வாணாம் பாய். மீனு மட்டும் குடு.”

ஷாகிர் நாலு மீனைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டைத் தேடிப் போனார். மிச்சமிருக்கிற மீனையாவது திருப்பி வாங்கிவிட வேண்டும்.

கெமிக்கல் கம்பெனி மதில் சுவரை ஒட்டி லைன் வீடுகள். பிரின்சி வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் உள்ளே இருந்த கண்ணாடித் தொட்டி மேல்.

அடர்ந்த பச்சைச் செடிகள். மூன்று மீன்கள் செத்து மிதந்தன; மிச்சமிருந்த ஒன்று, தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா வேடிக்க பாக்கறீங்க? உயிர் போவுது!” என்று கத்தினார்.

“சத்தம் போடாத பாய்” என்றாள் பக்கத்தில் நின்ற பூவம்மாள், கண்ணை எடுக்காமல். “அதத்தான் பாத்துக்கினுகீறோம்.”

மீன் ஒருமுறை துடித்தது. மெல்ல மல்லாந்தது.

யாரும் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்லவில்லை. குடங்களை அப்படியே கவிழ்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

பிரின்சி தெருவுக்கு ஓடி வந்து, கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

“ராத்திரி ஏத்துன போர் தண்ணியும் கெட்டுப்போச்சு! அதுல உட்ட மீனு செத்துடுச்சு! யாரும் கொழாயத் தொறக்காதீங்க, புள்ளைங்களுக்குக் குடுத்துடாதீங்க!”